தாயின் வேலைநாளுக்குள் ஒரு நிறுவனம்

இளங்குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனங்களைத் தொடங்குவதும் நடத்துவதும் குறித்து நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்

இளங்குழந்தைகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் உதவும் தொண்டு நிறுவனங்களின் வரலாறு எழுதப்படும்போது நிறுவியவரின் கருணையும் தியாகமும் முதலில் சொல்லப்படுகின்றன. கட்டடமும் நன்கொடையாளர் பட்டியலும் அடுத்து வருகின்றன. காப்பகம் காலையில் எத்தனை மணிக்குத் திறந்து மாலையில் எத்தனை மணிக்கு மூடப்பட்டது என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதே இல்லை. ஆயினும் இந்தியாவில் ஆறு வயதுக்குட்பட்டோருக்காக எழுந்த நிறுவனங்களுள் எது குடும்பத்தின் சுமையைக் குறைத்தது, எது பெயரளவில் நின்றது என்று ஆராய்பவர் மீண்டும் மீண்டும் வந்து நிற்கும் இடம் அந்தத் திறப்பு நேரமே. தாயின் வேலைநாளை அளந்து அதற்குள் தன்னைப் பொருத்திக்கொண்ட நிறுவனமே உண்மையில் உதவியது என்பதும், அவ்வாறு பொருத்திக்கொள்வதற்கான விலையை நாள்தோறும் செலுத்துபவர் நிறுவனர் அல்லர், குழந்தையோடு அமர்ந்திருக்கும் பணியாளரே என்பதும், எனவே இத்துறையில் தலைமை என்பது முதன்மையாக அப்பணியாளரின் நிலையைக் காக்கும் பொறுப்பே என்பதும் இவ்வுரையின் வாதம்.

வாதத்துக்குள் நுழையுமுன் எல்லையை வகுத்துக்கொள்வது நலம். உலக அளவிலான ஆவணங்கள் இளங்குழந்தைப் பருவத்தைப் பிறப்பு முதல் எட்டு வயது வரை எனக் கொள்கின்றன. இந்தியாவின் சட்டங்களும் அரசுத் திட்டங்களும் பெரும்பாலும் ஆறு வயதோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த ஆறு ஆண்டுகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. முதல் மூன்று ஆண்டுகளில் குழந்தைக்கு வேண்டியவை தாய்ப்பாலும், சிறிது சிறிதாகப் பல வேளை ஊட்டப்படும் உணவும், தூக்கமும், ஓயாமல் பேச்சுக் கொடுக்கும் ஒரு பெரியவரின் மடியுமே; மூன்று வயதுக்குப் பிறகு கூட்டாளிகளும் விளையாட்டும் கதையும் பாட்டும் அந்த இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நான்கு வயதுக் குழந்தைகள் இருபது பேரை ஓர் ஆசிரியை ஒருவாறு சமாளித்துவிடலாம். பத்து மாதக் குழந்தைகள் இருபது பேரை யாராலும் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. வயது குறையக் குறையச் செலவு கூடுகிறது என்பதும், செலவு கூடும் இடத்தில்தான் அரசும் நன்கொடையாளரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்பதும் இத்துறையின் அடிப்படைச் சிக்கல்.

அரசியலமைப்பே இந்த ஒதுக்கத்துக்கு ஒரு வடிவம் தந்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை 21அ பிரிவின் வழியாக அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம் ஆறு வயதுக்குட்பட்டோரின் பராமரிப்பையும் கல்வியையும் 45-ஆவது பிரிவில், அதாவது அரசு முயன்று நிறைவேற்ற வேண்டியதாயினும் நீதிமன்றத்தின் வழியே நேரடியாகக் கோரிப் பெற இயலாத வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக, நிறுத்திவைத்தது. ஏழு வயதுச் சிறுமிக்குப் பள்ளி கேட்டு வழக்குத் தொடரலாம். அவளுடைய எட்டு மாதத் தம்பிக்குத் தொட்டில் கேட்டுத் தொடர முடியாது. தொண்டு நிறுவனங்கள் செயல்படும் களம் பெரும்பாலும் இந்த இரண்டாம் குழந்தையின் களம்.

இக்களத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏழைக் குழந்தையைத் தேடி வந்தவர்கள் அல்லர் என்பதற்குக் கல்வியாளர் தாராபாய் மோடக்கின் வாழ்வு சான்று. பாவ்நகரில் 1920-இல் குழந்தைகள் பள்ளி ஒன்றைத் தொடங்கிய கிஜுபாய் பதேக்காவோடு சேர்ந்து அவர் 1926-இல் நூதன் பால சிக்ஷண் சங்கத்தை அமைத்தபோது, மாண்டிசோரி முறையில் நடந்த பள்ளிகள் பெரும்பாலும் நகர்ப்புற நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்களுக்கே எட்டின. 1945-இல் மகாராஷ்டிரக் கடற்கரையிலுள்ள போர்டி கிராமத்துக்கு அவர் பணியை மாற்றிக்கொண்டதும், பின்னர் தகாணு அருகேயுள்ள கோஸ்பாடு குன்றில் வார்லி முதலிய பழங்குடி மக்களிடையே அதைத் தொடர்ந்ததும் அந்த வரம்பை உடைத்த முடிவுகள். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்று கண்டபோது, ஏன் வரவில்லை என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்வதை விட்டு, தாராபாயும் அவருடைய தோழி அனுதாய் வாகும் பள்ளியையே குடியிருப்பின் முற்றத்துக்கு எடுத்துச் சென்றார்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் வெளியிலேயே வகுப்பு நடத்தினார்கள். விலையுயர்ந்த கற்பிப்புக் கருவிகளுக்கு மாற்றாக விதை, கூழாங்கல், சிப்பி, இலை, மூங்கில் ஆகியவற்றைக் கொண்டு எண்ணவும் வகைப்படுத்தவும் கற்பித்தார்கள். நாடெங்கும் இன்று அங்கன்வாடி என்று வழங்கும் அமைப்பின் வேர் இம்முயற்சியில் இருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது எளிமை என்ற ஒழுக்கத்தை அன்று. நிறுவனம் தன் இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையை விட்டுக்கொடுத்ததை.

இடத்தோடு நேரத்தையும் விட்டுக்கொடுத்த நிறுவனம் தில்லியில் பிறந்தது. காந்தி நூற்றாண்டு விழாவை ஒட்டி 1969-இல் ராஜ்காட் அருகே கண்காட்சிக்கான கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தபோது, சித்தாள் வேலை செய்த பெண்களின் கைக்குழந்தைகள் வெயிலிலும் புழுதியிலும் கிடந்ததைக் கண்ட மீரா மகாதேவன், அத்தளத்திலேயே ஒரு கூடாரம் அமைத்து அவர்களைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். இந்தியில் நாவல் எழுதிய எழுத்தாளர் அவர். குழந்தை வளர்ப்புத் துறையில் பட்டம் பெற்ற நிபுணர் அல்லர். மொபைல் க்ரெஷஸ் என்ற பெயரில் வளர்ந்த அந்நிறுவனத்தைப் பற்றிக் கேள்விப்படுவோர் பலர் சக்கரம் பூட்டிய வண்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வதுண்டு. நகர்ந்தது வண்டி அன்று. ஒரு தளத்தில் வேலை முடிந்து தொழிலாளர் கலைந்ததும் காப்பகம் மூடப்பட்டது. அடுத்த தளத்தில் அடித்தளம் தோண்டத் தொடங்கியதும் தொட்டில், பாய், பாத்திரம், எடைபார்க்கும் கருவி, பதிவேடு ஆகியவற்றோடு மறுபடி திறக்கப்பட்டது.

கட்டுமானத் தளத்தில் காப்பகம் நடத்துவதென்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது, ஏனெனில் நிறுவனத்தைத் தொடங்குதல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதன் உள்ளடக்கம் முழுவதும் அங்கே வெளிப்பட்டுக் கிடக்கிறது. கல்லும் கலவையும் சுமக்கும் பெண்ணுக்கு வேலை காலையில் தொடங்கி மாலையில் முடிகிறது. நடுவே உணவு இடைவேளை. வாரத்துக்கு ஆறு நாள், சில தளங்களில் ஏழு நாளும். காலை பத்து மணிக்குத் திறந்து பிற்பகல் ஒரு மணிக்கு மூடும் பால்வாடி அவளுக்கு எந்த உதவியும் அன்று, ஏனெனில் மூன்று மணி நேரத்துக்காக யாரும் அவளுக்கு அரைநாள் கூலி தருவதில்லை. ஆகவே காப்பகம் முழுநாளும் திறந்திருக்க வேண்டும். முழுநாளும் திறந்திருந்தால் ஒரு வேளைச் சிற்றுண்டி போதாது. சமைக்க வேண்டும், தூங்க வைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், வயிற்றுப்போக்கு வந்த குழந்தையைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். பால் குடிக்கும் குழந்தையின் தாய் இடைவேளையில் வந்து பாலூட்டிவிட்டுத் திரும்பும் தொலைவிலேயே காப்பகம் இருக்க வேண்டும், அதற்கு மேஸ்திரியின் இசைவும் வேண்டும். திறப்பு நேரத்தை நீட்டியதால் ஒரு துணை விளைவும் ஏற்பட்டது: தம்பியையோ தங்கையையோ இடுப்பில் சுமந்துகொண்டு திரிந்த எட்டு வயதுச் சிறுமியின் கைகள் விடுபட்டன. அவளையும் உள்ளே அழைக்காமல் வேலை முழுமை பெறாது என்பது தெளிவானதும், கைக்குழந்தைகள், மூன்று முதல் ஆறு வயதினர், பள்ளி வயதினர் என மூன்று பிரிவுகளாக நிறுவனம் விரிந்தது. இந்த விரிவு எந்தத் திட்ட வரைவிலிருந்தும் வரவில்லை. தாயின் நாளிலிருந்து வந்தது.

இத்தகைய நிறுவனத்தின் தலைவருக்கு வேண்டிய முதல் திறமை பேரம் பேசுவது. கட்டுநர் அனுமதியில்லாமல் தளத்துக்குள் கால்வைக்க முடியாது. அவரோ குழந்தைகளைத் தளத்தில் காணப்படக் கூடாத ஒன்றாகவே கருதுகிறார், ஏனெனில் அவர்களை ஒப்புக்கொண்டால் அவர்களுடைய தாய்மாரைத் தம் தொழிலாளராக ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர், ஆள்கூட்டிவரும் மேஸ்திரி என்று பொறுப்பு படிப்படியாகக் கீழே தள்ளப்படும் தொழிலில் யாரும் முதலாளி இல்லை. இந்நிலையில் ஓர் அறை, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றைக் கட்டுநரிடமிருந்து பெறுவதும், பின்னர் நடைமுறைச் செலவில் ஒரு பங்கையும் அவரை ஏற்கச் செய்வதும் பல ஆண்டுப் பொறுமை வேண்டிய வேலை. குழந்தை பாதுகாப்பாக இருந்தால் தாய் வேலையை விட்டு ஓடி வருவதில்லை, விபத்து குறைகிறது, ஆள் நிலைக்கிறது என்ற கட்டுநர் மொழியில் பேசுவதை இழுக்காகக் கருதாதவர்களே அதில் வெற்றி பெற்றார்கள். உரிமை என்று பேசுவோருக்கு இது உவப்பாக இராது. ஆனால் உரிமையைச் சட்டமாக்கும் முயற்சியில் பின்னர் முன்னின்றவர்களும் இவர்களே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

புலம்பெயர்வு இன்னொரு கட்டாயத்தை விதித்தது. சில மாதங்களே ஒரு தளத்தில் தங்கும் குடும்பத்தின் குழந்தைக்கு ஆண்டுப் பாடத்திட்டம் பொருந்தாது. இன்று சேரும் குழந்தை அடுத்த அறுவடைக்கு ஊர் திரும்பிவிடலாம். எனவே ஒவ்வொரு வாரமும் தன்னளவில் முழுமையுடையதாக இருக்க வேண்டும், சேர்ந்த நாளிலேயே எடை பார்த்துத் தடுப்பூசி நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும், போகும்போது தாயின் கையில் அந்தக் குறிப்பு இருக்க வேண்டும். பல மொழி பேசும் குடும்பங்கள் ஒரே தளத்தில் கூடியிருப்பதால் எந்த மொழியில் கதை சொல்வது என்பதும் அன்றாட முடிவாகிறது. இவற்றையெல்லாம் தலைமை அலுவலகத்திலிருந்து கட்டளையாக அனுப்ப முடியாது. அந்தந்த அறையில் இருப்பவர் தீர்மானிக்க வேண்டும்.

அந்த அறையில் இருப்பவர் யார் என்ற கேள்வியே இத்துறையின் மையம். தொடக்கக் காலத்தில் குழந்தைக் காப்பகப் பணிக்கென்று ஆயத்தப் படிப்பு ஏதும் இருக்கவில்லை. எளிய குடும்பப் பின்னணியிலிருந்து வந்த பெண்களை வேலையில் அமர்த்தி, வேலை செய்துகொண்டிருக்கும்போதே பயிற்சி கொடுத்து, மூத்த பணியாளர் இளையவருக்குச் சொல்லித்தரும் முறையை மொபைல் க்ரெஷஸ் வளர்த்துக்கொண்டது. நாற்றமும் அழுகையும் தூசியும் நிறைந்த அறையில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு, மாலையில் பெற்றோரின் குடிசைகளுக்குச் சென்று பேசும் இவ்வேலையைச் சமூகம் ஆயா வேலை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. நிறுவனமும் அப்படியே கருதினால் பணியாளர் ஓரிரு ஆண்டில் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆள் மாறும்போது துன்பப்படுவது குழந்தையே, ஏனெனில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காப்பகம் என்பது இடமன்று, அது ஒரு முகம். முறையான ஊதியம், விடுப்பு, பதவி உயர்வுக்கான படிநிலை, மேற்பார்வையாளராக உயரும் வாய்ப்பு ஆகியவை இங்கே நிர்வாகச் சலுகைகளாக அல்லாமல் பராமரிப்பின் தரமாகவே கணக்கிடப்பட வேண்டியவை.

மீரா மகாதேவன் முதல் பத்தாண்டுக் காலத்திலேயே மறைந்தார். நிறுவனரின் மறைவோடு ஒடுங்கிப்போன அமைப்புகள் இந்நாட்டில் ஏராளம், இது ஒடுங்கவில்லை. தேவிகா சிங் உள்ளிட்ட சக பணியாளர்கள் கூட்டாகப் பொறுப்பேற்றார்கள். மும்பையிலும் புனேயிலும் தொடங்கப்பட்ட கிளைகள் 2000-களில் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்து, அவரவர் ஆட்சிக்குழுவின் கீழ் இயங்கத் தொடங்கின. கிளையைப் பிரித்துவிடுவது தலைமையின் தோல்வி என்றே பலரும் எண்ணுவர். நாள்தோறும் நூறு சிறு முடிவுகளைக் கேட்கும் வேலையில், நகரத்து மேலாளர் தில்லியின் ஒப்புதலுக்குக் காத்திராமல் இருப்பதே பெரிய இலாபம் என்று அந்நிறுவனம் கண்டுகொண்டது எனக் கொள்வதே பொருத்தம்.

குஜராத்தில் வேறொரு பாதை தெரிந்தது. எலா பட் 1972-இல் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா அமைப்பு, முறைசாராத் தொழில்களில் உழைக்கும் பெண்களின் தொழிற்சங்கம். சங்க உறுப்பினர்களின் வருமானம் குழந்தைப் பராமரிப்பின்மையால் அறுபடுகிறது என்று தெரிந்ததும், அது கருணை இல்லம் எதையும் திறக்கவில்லை. கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகக் காப்பகங்களை நடத்தியது. அகமதாபாத்தில் சங்கினி என்ற கூட்டுறவும், புகையிலைத் தோட்டத் தொழிலாளர் நிறைந்த கேடா மாவட்டத்தில் மற்றொன்றும் உருவாயின. காப்பகப் பணியாளரே அங்கே பங்குதாரர். தாய்மார் ஒரு கட்டணம் செலுத்துகிறார்கள். அக்கட்டணம் செலவில் சிறு பகுதியையே ஈடுசெய்கிறது என்பதால் அதை வீண் சடங்கென்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் பணம் கொடுத்த தாய், காப்பகம் தாமதமாகத் திறந்தால் வாசலில் நின்று கேட்கிறாள். இலவசமாகப் பெற்றவள் கேட்பதில்லை. கட்டணம் மிகுந்தால் மிகவும் ஏழையான தாய் வெளியே நின்றுவிடுவாள் என்ற மறுபக்கமும் உண்மை, எனவே அளவு உள்ளூரில்தான் முடிவு செய்யப்பட வேண்டும்.

எந்த நிறுவனமும் தானே நடத்தும் காப்பகங்களால் இத்தனை பெரிய நாட்டின் தேவையை நிறைவேற்ற முடியாது. எலா பட் தலைமையில் அமைந்த தேசிய ஆணையம் முறைசாராத் துறைப் பெண்களைப் பற்றி 1988-இல் ‘ஸ்ரம்சக்தி’ என்ற அறிக்கையை அளித்ததை அடுத்து, குழந்தைக் காப்பக வசதிக்காகப் பாடுபடும் பல அமைப்புகள் ஃபோர்சஸ் என்ற கூட்டமைப்பாக ஒன்றுகூடின. அதற்கு முன்னரே சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையிலும், 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் உள்ள தோட்டத்திலும் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியிருந்தன. பின்னர் வந்த 1996-இன் கட்டடத் தொழிலாளர் சட்டமும் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தளத்தில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்குமாறு கூறியது. இவை அனைத்திலும் ஒரே குறை இருந்தது: பெண்களின் தலையை எண்ணிக் கடமை விதித்ததால், பெண்ணை வேலைக்கு எடுப்பதே முதலாளிக்குச் செலவாகத் தெரிந்தது, வருகைப் பதிவேட்டில் பெண்களின் எண்ணிக்கை வரம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுவது எளிதாயிற்று. குழந்தைக்குத் தந்தையும் உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் ஆண், பெண் வேறுபாடின்றி ஐம்பது ஊழியர்களைக் கணக்கில் எடுத்தது. அதன் பயனும் அமைப்புசார் துறையைத் தாண்டி அதிகம் செல்லவில்லை.

கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைத் தீர்வையாகத் திரட்டித் தொழிலாளர் நலனுக்குச் செலவிடும் ஏற்பாடும் 1996-இலேயே செய்யப்பட்டது. அவ்வாறு சேர்ந்த பெருந்தொகை மாநில வாரியங்களில் செலவிடப்படாமல் கிடந்ததை உச்ச நீதிமன்றம் 2018-இல் கடுமையாகச் சாடியது. அறையும் தொட்டிலும் இல்லாத தளங்களும், அவற்றின் பெயரால் திரட்டப்பட்டு உறங்கும் பணமும் ஒரே நகரத்தில் இருக்கக்கூடும் என்றால், தொண்டு நிறுவனத் தலைவரின் வேலை நிதி திரட்டுவதோடு முடிந்துவிடாது. ஏற்கெனவே திரட்டப்பட்டதைப் பின்தொடர்ந்து வாரிய அலுவலகத்தின் படிகளில் ஏறி இறங்குவதும் அவருடைய வேலையே.

அரசின் பெருந்திட்டம் உருவான வழியில் தமிழ் வாசகருக்கு நெருக்கமான பெயர் ஒன்று உண்டு. ‘வாஸவேச்வரம்’ எழுதிய கிருத்திகாவின் மகளான மீனா சுவாமிநாதன், பள்ளிமுன் பருவக் குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1972-இல் வந்த அதன் அறிக்கை, 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. ஊட்டச்சத்து உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தல், தாய்மாருக்கு உடல்நலக் கல்வி, பள்ளிமுன் கல்வி ஆகிய ஆறு பணிகளை ஓரிடத்தில் சேர்த்தது அத்திட்டத்தின் பெருமை. முழுநாள் பராமரிப்பு அந்த ஆறில் இடம்பெறவில்லை. அங்கன்வாடி சில மணி நேரமே திறந்திருந்தது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குச் சத்துமாவு வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்பட்டது. அங்கன்வாடிப் பணியாளர் அரசு ஊழியராகக் கருதப்படாமல் மதிப்பூதியம் பெறும் தொண்டராகவே வைக்கப்பட்டார். அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்ற தீர்ப்பு உச்ச நீதிமன்றத்திலிருந்து வர 2022 ஆயிற்று. பல இலட்சம் பெண்களின் உழைப்பைத் தொண்டு என்று பெயரிட்டுக் குறைந்த விலைக்கு வாங்கிய அந்த முன்மாதிரியைத் தனியார் தொண்டு நிறுவனங்களும் தயங்காமல் பின்பற்றின என்பது இத்துறையின் வரலாற்றில் பெருமைப்படத்தக்க பகுதி அன்று.

பணியாளரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் கிடைக்கிறது. உலக வங்கியின் கடனுதவியோடு 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபார்த்து, வளர்ச்சி தளர்ந்தவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவளித்து, எடை தேறியதும் நிறுத்தும் முறையைக் கையாண்டது. அதற்கான ஊர்ப் பணியாளர்களைத் தேடும்போது, வறுமையிலும் தன் பிள்ளையை நலமாக வளர்த்திருக்கும் அதே ஊர்ப் பெண்ணுக்கு முன்னுரிமை தரப்பட்டது. சான்றிதழைக் காட்டிலும் அண்டை வீட்டார் கண்முன் இருக்கும் சான்று வலியது என்ற அந்த எண்ணம் நுட்பமானது; புதிதாகத் தொடங்கும் சிறு நிறுவனங்கள் செலவின்றிப் பின்பற்றத்தக்கது. எடை குறைந்த குழந்தைக்கு மட்டும் உணவளித்தால் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும் மற்றக் குழந்தையை என்ன செய்வது என்ற கேள்வி அத்திட்டத்தைத் தொடர்ந்து வந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அந்தக் கேள்விக்கு வேறு விதமாக, எல்லாருக்கும் சோறு என்று, விடை சொன்னது.

இனி, சட்ட வடிவம். புதிய நிறுவனங்கள் இதைக் கணக்கரிடம் விட்டுவிடுவது வழக்கம். எதிர்காலத் தலைமையைத் தீர்மானிக்கும் முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது என்பது பலருக்குப் பின்னரே புலப்படுகிறது. அறக்கட்டளை என்பது ஒரு பத்திரத்தின் வழி அறங்காவலர்களிடம் சொத்தையும் நோக்கத்தையும் ஒப்படைப்பது. நிறுவனர் வாழ்நாள் முழுதும் அறங்காவலராக இருக்கவும் வாரிசை நியமிக்கவும் பத்திரம் இடம்கொடுக்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ப் பதிவாகும் சங்கத்துக்குக் குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவனரை வாக்களித்து வெளியேற்றவும் அதில் வழியுண்டு. 2013-இன் நிறுமச் சட்டத்தின் எட்டாம் பிரிவின்படி அமையும் இலாபநோக்கற்ற நிறுமம் கணக்கு ஒழுங்கில் கடுமையானது, செலவும் கூடியது. எளிது என்பதால் அறக்கட்டளையைத் தேர்ந்து, கணவன், மனைவி, மைத்துனர் என்று அறங்காவலர்களை நிரப்பிக்கொண்ட நிறுவனங்கள், இருபது ஆண்டு உழைத்த மேற்பார்வையாளருக்கு ஆட்சிக்குழுவில் ஓர் இருக்கை தர முடியாமல் தடுமாறுவது தமிழ்நாட்டில் அரிதான காட்சி அன்று. பணியாளருக்கும் பெற்றோருக்கும் ஆட்சிக்குழுவில் இடமளிக்கும் விதியைத் தொடக்கப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது எளிது. பின்னர் எழுதுவது போராட்டம்.

பணம் வரும் வழியும் வேலையின் வடிவத்தை மாற்றுகிறது. பெரிய நிறுமங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்ற விதி 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின் உள்நாட்டு நிதி பெருகியது. எனினும் அந்நிதி பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுத் திட்டமாக வருகிறது. வண்ணம் பூசிய கட்டடத்தையும் எண்ணிக் காட்டக்கூடிய பயனாளிகளையும் விரும்புகிறது. காப்பகத்தின் செலவோ பெரும்பகுதி ஊதியம். ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருவது. வெளிநாட்டு நிதியைப் பொறுத்தவரை, 2020-இன் சட்டத் திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை ஐம்பதிலிருந்து இருபது விழுக்காடாகக் குறைத்ததோடு, ஒரு நிறுவனம் பெற்ற நிதியை மற்றொன்றுக்கு மாற்றித் தருவதையும் தடைசெய்தது. நகரத்துப் பெரிய அமைப்புகளின் வழியே நிதி பெற்றுவந்த சிற்றூர்க் காப்பகங்கள் அதனால் கைவிடப்பட்டன. நன்கொடையாளரை இணங்க வைக்க, அமெரிக்காவின் இப்சிலாண்டி நகரில் 1960-களில் 123 குழந்தைகளோடு நடந்த பெர்ரி பள்ளிமுன் கல்வி ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. இளம் வயதில் செலவிடும் பணம் பிற்காலத்தில் பன்மடங்காகத் திரும்புகிறது என்ற அவ்வாதம் பயனுள்ளதே. ஆனால் புழுதியில் அழும் எட்டு மாதக் குழந்தையைத் தூக்குவதற்கு அதன் முப்பதாம் வயது வருமானக் கணக்கு தேவைப்படுகிறது என்றால், கேட்பவரிடமும் சொல்பவரிடமும் ஏதோ பழுது இருக்கிறது.

குழந்தைப் பாதுகாப்பு குறித்த விதிகளைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 2012-இன் போக்சோ சட்டத்தின்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் நிறுவனப் பொறுப்பாளருக்கே தண்டனை உண்டு. பணியாளர் பின்னணிச் சரிபார்ப்பும், குழந்தையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற பதிவும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். நல்ல மனிதர்கள் நடத்தும் இடத்தில் இவையெல்லாம் எதற்கு என்ற கேள்வியே ஆபத்தின் முதல் அறிகுறி.

அரசு உதவியோடு காப்பகம் நடத்த முன்வரும் தொண்டு நிறுவனத்துக்கு இன்றுள்ள நிலை என்ன என்பதை அண்மைக் கால வரலாறு காட்டுகிறது. 2006-இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கிய காப்பகத் திட்டம், 2017-இல் தேசியக் காப்பகத் திட்டமாக மாறியபோது மத்திய அரசு, மாநில அரசு, தொண்டு நிறுவனம் ஆகியவை 60, 30, 10 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வந்தது. பங்கு வந்து சேராத மாநிலங்களில் பல ஆயிரம் காப்பகங்கள் மூடப்பட்டன. 2022-இல் அது மிஷன் சக்தி என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கீழ்ப் பால்னா என்ற பெயர் பெற்று, அங்கன்வாடியையே முழுநாள் காப்பகமாக மாற்றும் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு கூடாரத்தில் தொடங்கிய கோரிக்கையை அரசு கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது என்று இதைச் சொல்லலாம். தேசியக் காப்பகத் திட்டத்தின் விதிப்படி காப்பகம் மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்க வேண்டியிருந்தது. 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும். எட்டு மணி நேரம் உழைத்து, நடுவே உணவு இடைவேளையும் கொண்டு, வேலைக்குப் போகவும் வரவும் ஒரு மணி நேரம் செலவிடும் பெண் வீட்டைவிட்டு வெளியே இருப்பது ஏறத்தாழப் பத்து மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரத்துக்கு எந்த விதியிலும் நிதி ஒதுக்கப்படவில்லை. இப்போதைக்கு அதைக் கொடுத்துவருபவர், தாய் வந்து சேரும் வரை அந்தக் குழந்தையோடு கூடுதல் கூலியின்றிக் காத்திருக்கும் காப்பகப் பணியாளரே.